படைவீரர் நலங்காத்த நைட்டிங்கேல் அம்மையார்

எம் ஊராகிய பெண்ணாடத்தை அடுத்து ஓடும் வெள்ளாறு, கிழக்கு நோக்கிச் சென்று பரங்கிப்பேட்டையிற் கடலொடு கலக்கின்றது. அப் பரங்கிப்பேட்டையினருகே, 1781-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில், ஐதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் படையும் பெரும்போர் புரிந்தன. ஈராண்டு கழித்து, 1783-இல், கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தரையிலும் கடலிலும் பொருதனர். அப்போது ஆங்கிலக் கடற்படைத் தலைவராயிருந்த ஹியூஸ் என்பார்க்குப் பகைவர் பீரங்கியேயன்றிப் பிறிதொரு தொல்லையும் வாய்த்தது. புதிய காய்கனிகள் உண்ணாமையால் வரும் ஸ்கர்வி என்னும் நோய், அவர்தம் மாலுமிகளுள் நூற்றுக்கணக்கானோரைப் படுக்கையிற் கிடத்திற்று, குடிநீரும் குறைந்தது, அவர் தம் கப்பல்களைச் சென்னைக்குத் திருப்பிக்கொண்டு செல்ல நேர்ந்தது.

சரித்திரம் கற்கும் நாம், இப் போர்கள் நிகழ்ந்த நாளையும் தலைவர்தம் பெயரையும் நெட்டுருச் செய்கின்றோம். வாள்பட்டும் குண்டுபட்டும் வீழ்ந்தாரை எண்ணுகின்றோம். ஆனால் பாசறையிற் சுரத்தாலும் வாந்திபேதியாலும் சீதபேதியாலும் மாண்டாரை நாம் எண்ணுவதில்லை. அவர்களை எண்ணத் தலைப்பட்டவருள் முதன்மையானவர் ஒரு பெண்மணி. எண்ணிய அளவில் நில்லாது, அவ்வெண்ணையே கருவியாகக் கொண்டு பேரரசொன்றன் படைவாழ்க்கையைத் திருத்த முனைந்தவரும் அவரே. கைவிளக்கேந்திய மாதரசி என்று சிறுவர் பாடநூல்களும் போற்றும் பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வரலாற்றை, அவ் விளக்கின் ஒளி மிகுதியும் படாத பக்கத்திலிருந்து ஈண்டு ஒருசிறிது கூறப் புகுகின்றோம்.

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், இத்தாலி நாட்டுப் பிளாரென்ஸ் நகரில், அங்குப் பயணஞ் சென்றிருந்த ஆங்கிலச் செல்வக் குடும்பத்தில் இளைய மகளாகத் தோன்றினார். பிறந்த நகரின் பெயரே பிள்ளைக்கும் பெயராயிற்று. தந்தையார் வில்லியம் எட்வர்டு நைட்டிங்கேல் கல்வியிற் பெருவிருப்புடையவர். தம் பெண்மக்கள் இருவர்க்கும் மொழிகளும் சரித்திரமும் தத்துவமும் தாமே கற்பித்தார். இளையவர்க்கோ கணக்கின்மீது தனிப்பற்று. செல்வர் வீட்டு மகளிர் தையலும் இசையும் கற்றுத் திருமணத்திற்குக் காத்திருந்த அக்காலத்தில், எண்களில் இன்பங்கண்ட இப் பெண்ணைப் பெற்றோர் வியப்போடும் கவலையோடும் நோக்கினர்.

1837-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ஆம் நாள், தமது பதினாறாம் வயதில், கடவுள் தம்மைத் தம் பணிக்கு அழைத்ததாக அம்மையார் உணர்ந்தார். அப் பணி இன்னதென்பது உடனே விளங்கவில்லை. நோயாளர்க்குத் தொண்டு செய்தலே அது என்று பின்னர்த் தெளிந்தபோது குடும்பத்தார் திகைத்தனர். ஏனெனில் அந்நாளைய மருத்துவமனைகள் அழுக்குக்கும் ஒழுங்கின்மைக்கும் பேர்போனவை. அத்தொழில் குடிப்பிறந்த மகளிர்க்கு இழுக்கு என்று கருதப்பட்டது. ஆண்டுகள் பல வீட்டினுள்ளே மனப்போர் நிகழ்ந்தது. தம்மை விரும்பி வந்த நன்மகன் ஒருவரையும் அம்மையார் மணக்க மறுத்தார். இறுதியில் 1851-இல், ஜெர்மனியிற் கைசர்வெர்த் என்னும் ஊரில் பிளீட்னர் என்னும் போதகர் நடத்திய தொண்டர் இல்லத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853-இல் இலண்டனில் நோயுற்ற பெண்டிர்க்கான சிறு மருத்துவ விடுதியொன்றன் மேற்பார்வையை ஏற்றார்.

அடுத்த ஆண்டே இங்கிலாந்து கிரைமியாப் போரில் இறங்கியது. துருக்கி நாட்டு ஸ்குட்டாரியிலிருந்த ஆங்கிலப் படை மருத்துவமனையில் வீரர் படுந் துன்பத்தைப் பத்திரிகைகள் வெளியிட, இங்கிலாந்து முழுதும் கொதித்தெழுந்தது. போர்த்துறை அமைச்சரும் அம்மையாரின் நண்பருமாகிய சிட்னி ஹெர்பர்ட் வேண்ட, அம்மையார் 38 செவிலியருடன் 1854 அக்டோபர் 21-ஆம் நாள் புறப்பட்டு, நவம்பர்த் தொடக்கத்தில் ஸ்குட்டாரியை அடைந்தார். ஆங்குக் கண்ட காட்சி கல்லையும் உருக்குவது. படுக்கைகள் இல்லை, மாற்றுடை இல்லை, துவைக்க வழியில்லை, உணவு சமைப்பதிலும் ஒழுங்கில்லை. அம்மையார் சலவைச்சாலை அமைத்தார். நோயாளர்க்கேற்ற உணவுக்குத் தனிச் சமையலறை நிறுவினார். இரவுதோறும் விளக்கொன்றைக் கையிலேந்தி, நீண்ட நடைகளின் வழியே படுக்கை படுக்கையாகச் சென்று நோக்கினார்.

தமிழ் பயிலும் எமக்கு இவ்விடத்து நெடுநல்வாடை நினைவிற்கு வருகின்றது. வாடைக்காற்று வீசும் நள்ளிரவில், உறங்காத பாண்டியன் ஒருவன், பாசறையில் விளக்குகள் காற்றில் அசைய, புண்பட்ட மறவரைக் கண்டு தேற்றி வருவதை நக்கீரர் அந்நூலிற் காட்டியுள்ளார். புண்பட்டாரின் துயர் தீர்க்க விளக்கொடு நடத்தல் நம் இலக்கியத்திற்குப் புதியதன்று. ஆனால் விளக்கின் பரிவு மட்டும் சாவைத் தடுத்ததா என்பதே ஈண்டு எழும் வினா.

உண்மை கசப்பானது. அம்மையார் வந்த பின்னும் சாவு குறைந்திலது. அக் குளிர்காலத்தில் அது பெருகிற்று. 1855 பிப்ரவரியில், சிகிச்சை பெற்ற நோயாளருள் நூற்றுக்கு 42 பேர்க்கு மேல் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது பகைவர் குண்டன்று. பேதியும் நச்சுச் சுரமுமே. அந்த மாபெருங் கட்டடத்தின் அடியில் அடைபட்ட சாக்கடைகள் நாறிக்கிடந்தன, காற்று நுழைய வழியில்லை, குடிநீரும் மாசுற்றது. 1855 மார்ச்சில் மருத்துவர் சதர்லாந்தும் பொறியாளர் ராலின்சனும் அடங்கிய சுகாதாரக் குழுவொன்று இங்கிலாந்திலிருந்து வந்தது. அவர்கள் சாக்கடைகளைக் கழுவினர், குப்பைகளை அகற்றினர், சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசினர், சாளரங்களைத் திறந்தனர், குடிநீரைக் காத்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இறந்தோர் நூற்றுக்கு இருவரளவாயினர்.

இக்கணக்கே அம்மையாரின் எஞ்சிய வாழ்நாளை ஆட்கொண்டது. இரக்கத்தோடு தாம் கண்மூடச் செய்த ஆயிரக்கணக்கானோருட் பெரும்பாலோர் சாகவேண்டாதவர் என்பதை அவர் உணர்ந்தார். நோயுற்றபின் தேற்றுதல் நன்று; நோயுறாமற் காத்தல் அதனினும் நன்று. நோயின் முதலை நாடி அதனைத் தணிக்கும் வழியைத் தேடுமாறு வள்ளுவப் பெருந்தகை மருந்ததிகாரத்திற் கற்பித்ததை, அந்நூலை அறியாமலே அம்மையார் தம் வாழ்வின் நெறியாக்கிக்கொண்டார் எனலாம்.

மற்றுமொரு பாடமும் ஸ்குட்டாரியிற் கிடைத்தது. வீரர் குடித்துக் கெடுவது அவர் பிறவிக்குணம் என்று மேலதிகாரிகள் பலர் எண்ணினர். அம்மையார் அவ்வாறு எண்ணிலர். ஊதியத்தை வீட்டிற்கனுப்ப எளிய வழியொன்று செய்துகொடுத்தார். படிப்பறைகளும் மதுவில்லாச் சிற்றுண்டிச் சாலையும் ஏற்பட்டன. குடிக்குச் சென்ற பணம் ஊரிலிருந்த தாயர்க்கும் மனைவியர்க்கும் செல்லத் தொடங்கியது. அலெக்சிஸ் சோயர் என்னும் புகழ்பெற்ற சமையற்கலைஞர் 1855-இல் வந்து, தாம் இயற்றிய புதிய அடுப்புகளாற் படைவீரர் உணவையும் திருத்தினார். உடலைப் பேணுதல் என்பது மருந்து மட்டுமன்று. உணவு, உறக்கம், காற்று, உழைப்பு, ஓய்வு, நல்ல பொழுதுபோக்கு ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும் என்பது இவற்றாற் புலனாயிற்று.

1856 ஆகஸ்டில் அம்மையார் ஆரவாரமின்றித் தாயகம் திரும்பினார். நாடு அவரைக் கொண்டாட விரும்பியது; அவரோ கணக்கேடுகளொடு அறையுட் புகுந்தார். புள்ளியியல் வல்லுநராகிய வில்லியம் பார் என்பாருடன் அமர்ந்து, இறந்தோர் தொகையைத் திங்கள்தோறும் பகுத்தார். வட்டமொன்றைப் பன்னிரு கூறாக்கி, நோயால் மாண்டார், புண்ணால் மாண்டார், பிற காரணத்தால் மாண்டார் என வெவ்வேறு வண்ணப் பரப்புகளாற் காட்டினார். அட்டவணைகளைப் படிக்க மனமில்லாத அமைச்சரும் அப் படத்தை நோக்கிய அளவில் உண்மையை உணர்வர் என்பது அவர் கருத்து. 1858-இல் இலண்டன் புள்ளியியற் கழகம் அவரை முதற் பெண் உறுப்பினராக ஏற்றது.

போரில்லாக் காலத்தும் படைக்குடியிருப்பில் வாழ்ந்த இளைஞர், அதே வயதினரான குடிமக்களைக் காட்டிலும் ஏறக்குறைய இருமடங்கு மிகுதியாக இறந்தனர் என்பது அக்கணக்கால் வெளிப்பட்டது. நோய்நொடியில்லாதவர் எனப் பொறுக்கியெடுக்கப்பட்ட இளைஞர், அரசாங்கத்தின் கூரையின்கீழ் வந்தபின் சாவது எவ்வளவு நாணத்தக்கது! 1857-இல் அமைந்த அரச ஆணைக்குழுவின் பயனாகப் படைக்குடியிருப்புகள் திருத்தப்பட்டன, நோய்க்கணக்கு முறைப்படுத்தப்பட்டது, படை மருத்துவக் கல்லூரி 1860-இல் தோன்றியது. அதே 1860-இல், ஹாமர்ஸ்லி என்னும் படைத்தலைவர் பன்னிரு சார்ஜெண்டுகளுடன் ஆக்ஸ்போர்டு சென்று, மாக்லாரன் என்னும் உடற்பயிற்சி ஆசானிடம் முறையாகக் கற்றுத் திரும்பினார். மாக்லாரன் ஒவ்வொருவருடைய மார்பையும் கையையும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து குறித்து, வளர்ச்சியைக் கணக்காற் காட்டினார். ஆங்கிலப் படையின் உடற்பயிற்சிப் பிரிவு அப் பன்னிருவரிலிருந்தே கிளைத்தது. அளந்து பார்த்து ஆவன செய்தல் என்னும் புதுநெறி, மருத்துவமனையிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் ஒருங்கே புகுந்த காலம் அது.

இனி, நம் நாட்டிற்கு வருவோம். 1857-58 கிளர்ச்சிக்குப் பின் இந்தியாவில் ஆங்கில வீரர் தொகை பெருக்கப்பட்டது. அவர்களின் உடல்நிலையை ஆராய 1859-இல் அரச ஆணைக்குழுவொன்று நிறுவப்பட்டது. அம்மையார் நோயாற் பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார். இந்தியாவை அவர் கண்டதேயில்லை. எனினும் இங்குள்ள படைநிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் வினாத்தாள் வகுத்தனுப்பினார். நீர் எங்கிருந்து வருகின்றது? கழிவு எங்குச் செல்கின்றது? ஓரறையில் எத்துணைப் பேர் உறங்குகின்றனர்? வீரன் நாள் முழுதும் யாது செய்கின்றான்? இவ்வாறான வினாக்களுக்கு வண்டிகளில் ஏற்றத்தக்க அளவு விடைகள் வந்து குவிந்தன. அம்மையார் அவற்றைத் தாள்தாளாகப் படித்தார்.

விடைகள் விந்தையானவை. குடிநீரைச் சோதிக்கும் கருவி யாது எனின், பலவிடங்களில் நாவும் மூக்குமே. வடிகால் எத்தகையது எனின், பல நிலையங்களில் வடிகாலே இல்லை. வீரன் விடியுமுன் சிறிதுபோது அணிவகுப்புப் பயிற்சி செய்வான், பின்னர் வெயில் தணியுமட்டும் கட்டிலிற் கிடப்பான், குளிர்நாட்டிற் போலவே இறைச்சி மிகவுண்பான், சாராயக்கடைக்குச் செல்வான். இந்தியச் சிப்பாய்களின் நிலையோ வேறு. அவர்கட்குக் குடியிருப்பு இல்லை. சிறுதொகை பெற்றுக் குடிசை தாமே கட்டிக்கொண்டனர். நோயுற்றால் மருத்துவமனையிலும் தம் உணவைத் தாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. இந்தியாவில் ஆங்கில வீரருள் ஆண்டுதோறும் ஆயிரவருக்கு 69 பேர் மாண்டனர். இக் கணக்கின்படி, ஆயிரவர் கொண்ட பட்டாளம் ஒன்று பதினைந்து ஆண்டிற்குள் தன் முழுத்தொகையளவு ஆட்களை இழந்துவிடும்.

1863-இல் வெளிவந்த ஆணைக்குழுவின் அறிக்கை இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. அதனொடு அம்மையார் எழுதிய குறிப்புரை, எளிய நடையில் படங்களொடு அமைந்தது. தூய நீர், வடிகால், இடமகன்ற குடியிருப்பு, வெப்பத்திற்கேற்ற உணவு, சாராயக் குறைப்பு, உடற்பயிற்சிக் கூடம், தொழிற்சாலை, தோட்டவேலை, நூலகம் ஆகியவற்றை அவர் வற்புறுத்தினார். மலைமேற் பாசறை அமைத்தால் நோய் தானே நீங்கும் என்ற எண்ணத்தையும் மறுத்தார். அழுக்கைச் சுமந்து மலையேறினால் நோயும் உடன் ஏறும் என்பது அவர் எச்சரிக்கை. அறிக்கையின் சுருக்கப்பதிப்பிலோ அவருடைய குறிப்புரை விடப்பட்டது. அம்மையார் சோர்ந்திலர், அதனைத் தனிநூலாக வெளியிட்டு, அதிகாரிகள் கையிற் சேருமாறு செய்தார்.

நூல் எழுதியதொடு கடமை முடிந்தது என்று எண்ணாமையே அம்மையாரின் பெருமை. 1864-இல் வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று இராஜதானிகளிலும் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன. நிலையங்களிற் செய்யவேண்டிய வேலைகளை வகுத்துரைக்கும் நூலொன்றும், அவரும் அவர்தம் நண்பர்களும் உழைத்ததன் பயனாக அவ்வாண்டே இந்தியாவிற்கு வந்தது. வைசிராயாகப் புறப்பட்ட சர் ஜான் லாரன்சும், 1866-இற் சென்னைக் கவர்னரான நேப்பியர் பிரபுவும் அவரிடம் ஆலோசனை பெற்றனர். நேப்பியர், கிரைமியாப் போர்க்காலத்தில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து அவர்தம் தொண்டை நேரில் அறிந்தவர். மருத்துவமனைகட்குச் செவிலியரை அமர்த்த அம்மையார் வகுத்த திட்டத்தை, செலவு மிகும் என்று அரசாங்கம் தள்ளிவிட்டது. எனினும் 1888-இல் படை மருத்துவமனைகட்குச் செவிலியர் முதன்முதலாகக் கப்பலேறி வந்தனர். இன்றைய இந்தியப் படைச் செவிலியர் பணி அவ்வித்தினின்று முளைத்ததே.

பயன் யாது? ஆயிரவருக்கு 69 ஆயிருந்த சாவு, 18 ஆகக் குறைந்ததென்று 1873-இல் அம்மையாரே கணக்கிட்டுக் காட்டினார். இக்குறைவு அவர் ஒருவர் செயலன்று. கால்வாய் வெட்டிய பொறியாளரும், விதியை நாள்தோறும் நடத்திய பட்டாள மருத்துவரும், பெயர் எழுதப்படாத தோட்டிகளும் தண்ணீர் சுமந்தோரும் அதிற் பங்குடையர். அம்மையாரிடத்துக் குறையும் இருந்தது. நோய் தீநாற்றக் காற்றால் வருவதென்று நெடுங்காலம் நம்பினார். தொற்றுக் கொள்கையை எளிதில் ஏற்றிலர். வாந்திபேதிக் கிருமியைக் கோக் கண்டதும், முறைசுரத்திற்குக் கொசுவே தூதென 1897-இல் ராஸ் மெய்ப்பித்ததும் பிற்காலத்தன. ஆயினும் தூய நீரும் நல்ல வடிகாலும் வேண்டும் என்ற அவர் முடிபு, காரணம் பிழைத்த இடத்தும் காரியத்திற் பிழைத்திலது.

ஆட்சியாளரின் முதல் நோக்கம் தம் வீரரைக் காத்தலே என்பதையும் மறைத்தல் கூடாது. ஆனால் பாசறைக்கு மதில் எழுப்பலாம். நோய்க்கு மதில் இல்லை. பாசறைக்கு அப்பால் ஊர் அழுக்குற்றுக் கிடந்தால் பாசறையும் நலமுறாது. இதனை உணர்ந்தபின் அம்மையாரின் நாட்டம் வீரரிடமிருந்து ஊராரிடம் சென்றது. 1876-78 ஆண்டுகளிற் சென்னை இராஜதானியைச் சூறையாடிய பெரும்பஞ்சம் அவர் நெஞ்சைப் பிளந்தது. உணவில்லா உடலுக்குச் சுகாதாரம் ஏது? ஆதலின் நீர்ப்பாசனத்தைப் பெருக்குமாறு இடையறாது எழுதினார். அதில் அவர் பெரிதும் மதித்த துணைவர் சர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இற் கீழணை கட்டி, வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு நீர் வரச் செய்தவர் அவர். சிதம்பரத்தைச் சூழ்ந்த பசிய வயல்களை நோக்கும்போதெல்லாம், இலண்டன் அறையிற் கிடந்து இந்நாட்டு நீரைப்பற்றிக் கவன்ற ஒரு மூதாட்டியையும் நாம் நினைத்தல் தகும்.

1907-இல் மெரிட் விருதைப் பெற்ற முதற் பெண்மணியானார். 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள், தமது தொண்ணூறாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ் செய்யும் பெருமையை வேண்டாது, ஈஸ்ட் வெல்லோ என்னுஞ் சிற்றூரில் தம் குடும்பத்தார் அருகே அமைதி கொண்டார்.

நண்பர்காள்! சென்ற ஆண்டு யாம் தேசிய மாணவர் படையின் முகாமொன்றிற்குச் சென்றிருந்தோம். துப்பாக்கி ஏந்தும் ஆவலொடு சென்ற எம் கையில் முதல் நாள் தரப்பட்டது மண்வெட்டி. கழிகால் வெட்டுமாறும், சமையற்கூடத்திற்கும் கழிப்பிடத்திற்கும் இடைத்தொலைவை அடியால் அளக்குமாறும் ஏவப்பட்டோம். எம்முள் முணுமுணுக்காதார் இல்லை. இவ்வரலாற்றைக் கற்றபின் அம் முணுமுணுப்பிற்கு நாணுகின்றோம். அங்கு எமக்குக் கிடைத்த அம்மண்வெட்டி, ஸ்குட்டாரியில் இறந்தோர் தந்த பாடம்.

விடுமுறையில் ஊர் திரும்புங்கால், நம் தெருக்கிணற்றையும் அதனருகிற் செல்லும் சாக்கடையையும் ஒருமுறை அளந்து பாருங்கள். எத்துணை வீட்டில் எத்துணைப் பேர் சென்ற மழைக்காலத்திற் காய்ச்சலுற்றனர் என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை ஆவன செய்யத்தக்கவர் கையிற் சேருங்கள். செய்யாராயின் மீண்டும் சேருங்கள். இரவில் விளக்கேந்தி நடக்கும் வாய்ப்பு நம்முள் எல்லார்க்கும் கிட்டாது. பகலிற் கணக்கேடொன்றை ஏந்தி நடப்பது யாவர்க்கும் இயலும்.